உப்புக்காற்று ஊரில் வீட்டு ரிப்பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. கிரைண்டர், வைஸ், சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின் எல்லாம் அங்கே கிடப்பதால் தெருவில் யார் வீட்டில் எது கழன்றாலும், எது சுற்றாமல் நின்றாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். ஆள்தான் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை பக்கமிருந்து வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். உள்நாட்டுக்காரர்கள் சொல்லும் ரிப்பேர் யோசனைகள் நம் கரையில் பாதிதான் பலிக்கும். அதற்கான காரணம் முதல் பதிலில் இருக்கிறது, அதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம்.

1. அண்ணே, மதுரையில என் மச்சான் வீட்டு ஸ்பேனர் செட் வருஷக்கணக்கா பளபளன்னு இருக்கு. இங்க ஒரு வாடைக்காலம் தாங்கலையே, ஏன்?

உப்புதான். அலை உடையும்போது தெறிக்கும் பொடித்துளிகள் காற்றோடு வந்து, காய்ந்து, எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துகொள்கின்றன. காலையில் சன்னல் கம்பியை விரலால் ஒரு இழுப்பு இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தெற்குக் கரை வீடுகளுக்கும், வாடை அடிக்கும்போது வடக்குக் கரை வீடுகளுக்கும் இது கூடுதல்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் தண்ணீரும் வேண்டும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். நம் ஊர்க் காற்று அவ்வளவு காய்வது அபூர்வம். ஆக, மழையே பெய்யாத நாளிலும் உங்கள் ஸ்பேனர் நனைந்துதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவோடு மல்லுக்கட்டி 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் உயர்தரப் பெயிண்டும் போட்டதற்குக் காரணமும் இதே காற்றுதான்.

எண்ணெயோ, கிரீஸோ, பெயிண்டோ எதுவானாலும் அதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாமல் தடவினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கீழே உள்ள பாதிப் பதில்கள் இதைத்தான் திரும்பச் சொல்லும்.

2. கழுவுறதுக்கு நல்ல தண்ணிக்கு எங்க போறது? குடிக்கவே குடம் காசு குடுத்து வாங்குறோம்.

நியாயமான கேள்வி. ஆனால் குடம் குடமாக வேண்டாம். செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் அரை லிட்டர் இருந்தால் ஒரு சைக்கிளையே துடைத்துவிடலாம், ஈரத்துணியில் இரண்டு தடவை, காய்ந்த துணியில் ஒரு தடவை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவவே கழுவாதீர்கள், கழுவாமல் விடுவதே மேல்.

ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. குடிக்க ஆகாது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றக் கூடாது (தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும்), கழுவுவதற்கு மட்டும் முதல்தரம்.

3. சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாம்ல காக்கா? எங்க வாப்பா அப்படித்தான் வச்சிருந்தாக.

ஒரு வாரத்துக்குச் சரி. அப்புறம் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், அந்தத் தூசியிலும் உப்பு. நாளாக ஆக எண்ணெய் காறி அமிலமும் ஆகும். தையல் மிஷின் எண்ணெய் அல்லது புது இன்ஜின் ஆயில் மெல்லியதாகத் தடவுங்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் அமிலமும் கரியும் இருப்பதால் மண்வெட்டி, கடப்பாரைக்கு மட்டும் போதும். வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள், கை வியர்வையிலும் உப்புதானே.

மண்வெட்டியை ஆயில் ஊற்றிய மணல் வாளியில் குத்தி வைக்கிற பழக்கம் நல்ல பழக்கம், ஆனால் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை மணலை அள்ளி வந்து அதில் குத்தினால் கதை வேறு. டூல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடலாம். கற்பூரம் போடுகிறவர்களும் உண்டு, தப்பில்லை, ஆனால் எண்ணெய்க்கு அது மாற்று இல்லை.

4. டபிள்யூடி-40 அடிச்சா போதும்னு சொல்றாங்களே?

போதாது. அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்யப்பட்ட திரவம், அந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் அதன் படலம் மெல்லியது, நம் காற்றில் சீக்கிரம் போய்விடும். அதை அடித்து ஈரத்தை விரட்டிய பிறகு கீலுக்கு கிரீஸ், செயினுக்கு செயின் ஆயில், பூட்டுக்கு கிராஃபைட் தூள் என்று அதற்கு உரியதைப் போடுங்கள்.

5. துரு ஏறின சாமானை எதுல ஊறப் போடுறது? கடையில பாத்ரூம் ஆசிட்ல போடச் சொன்னாங்க.

வேண்டாம். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும், ஆனால் உப்பில் இருக்கிற எந்தக் குளோரைடை ஓட்டப் பார்க்கிறோமோ அதையே திரும்ப ஊட்டிவிடும். மூடி திறந்து இருந்தால் அதன் ஆவி ஷெட்டில் உள்ள மற்ற சாமான்களையும் ஒரே ராத்திரியில் பழுப்பாக்கிவிடும். மூச்சுக்கும் கெடுதல்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் போட்டுக் கரைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் சாமானை முழுக மூழ்க வையுங்கள். சில மணி நேரத்தில் துரு இளகிக் கறுப்புக் குழம்பாகக் கழன்றுவரும், பிரஷ்ஷால் தேய்த்தால் சாம்பல் நிற இரும்பு தெரியும். எடுத்ததும் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் நல்ல தண்ணீர், உடனே துடைத்து வெயிலில் காய வைத்து ஆயில். இந்த ‘உடனே’யில் தாமதித்தால் கண் முன்னாலேயே மஞ்சள் படரும். ஸ்பிரிங், ரம்பப் பிளேடு போன்ற கடினமாக்கிய எஃகை நெடுநேரம் அமிலத்தில் விடாதீர்கள், உடையும் தன்மை வந்துவிடலாம்.

6. நட்டு அசையவே மாட்டேங்குது. பைப் மாட்டி இழுத்தா போல்ட்டே முறிஞ்சுருச்சு. என்ன பண்ண?

முதலில் திருகுகிற திசை சரிதானா என்று பாருங்கள். சைக்கிளின் இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரின் இடது பக்க நட்டு இரண்டும் எதிர்த்திசை மரை. நம் தெருப் பையன்கள் பெடலைக் கழற்றுகிறேன் என்று முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பதை வாரத்துக்கு ஒரு தரமாவது பார்க்கலாம்.

திசை சரியென்றால், வெளியே தெரியும் மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். நட்டு அந்தப் பாதையில்தான் வெளியே வர வேண்டும், அங்கே துரு மேடு இருந்தால் என்ன எண்ணெய் விட்டும் பயனில்லை. பிறகு துருவில் ஊடுருவும் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தும் விடலாம், அசிட்டோன் பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும், தீயும் பிடிக்கும், அது மட்டும் ஞாபகம். காலையில் நட்டின் முகங்களில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். அடுத்து, கழற்றுவதற்குப் பதில் ஒரு மயிரிழை இறுக்கப் பாருங்கள். லேசாக ‘டிக்’ என்று ஒரு அசைவு கையில் தெரியும், துருப்பிடி விட்டதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு கால் சுற்று கழற்று, பாதி திரும்ப இறுக்கு, மறுபடி கழற்று என்று மெதுவாக வாருங்கள். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர்தான், இல்லையென்றால் முனை மழுங்கிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. போல்ட்டை விட்டுவிட்டு நட்டை மட்டும் சூடாக்குங்கள், அது விரிந்து பிடி தளரும். சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். ஆயில் விட்ட இடம் என்றால் நன்றாகத் துடைத்த பிறகே நெருப்பு, பெட்ரோல் டாங்க், ரப்பர், பேரிங் பக்கத்தில் நெருப்பே கூடாது. கடைசி வழி நட்டின் ஒரு முகத்தை ஹேக்சாவால் அறுத்து உளியால் பிளப்பது. புது நட்டைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

7. போன வருஷம்தான் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு, எனாமல் எல்லாம் அடிச்சேன். கொப்புளம் கொப்புளமா வருதே, பெயிண்ட் டூப்ளிகேட்டா இருக்குமோ?

பெரும்பாலும் பெயிண்ட்டின் குற்றமில்லை. ஒரு கொப்புளத்தை நகத்தால் பிய்த்துப் பாருங்கள், அடியில் ஈரமோ பழுப்புத் தண்ணீரோ இருக்கும். பெயிண்ட் அடித்தபோது அடியில் தங்கிய உப்பு, பெயிண்ட் படலத்தின் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கிறது. இழுத்த தண்ணீர் பெயிண்ட்டைத் தூக்குகிறது.

வெறும் உப்புத்தாள் தேய்த்து அடிப்பது இங்கே செல்லாது. பழைய பெயிண்ட்டையும் துருவையும் கிரைண்டர் வயர் பிரஷ்ஷால் எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்து ஒரு மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். துரு குழி விழுந்த இடங்கள் மட்டும் மறுபடி கறுத்துக் கசியும், சுற்றிலும் இரும்பு வெளுப்பாகவே இருக்கும். அந்தக் குழிக்குள் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். அங்கே மட்டும் பிரஷ்ஷும் தண்ணீருமாக மறுபடி தேயுங்கள், கசிவு நிற்கும்வரை. ஷெட்டுக்கு வருகிற கேட்டுகளில் இந்தப் படியைச் செய்தவையே நிற்கின்றன, மற்றவை அடுத்த வருஷமும் வருகின்றன.

அப்புறம் அன்றைக்கே பிரைமர். சாதாரண ரெட் ஆக்சைடு ஒரு மறைப்புதான், அதைவிட ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் மேல், கையில் காசு இருந்தால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர். மூலை, விளிம்பு, வெல்டிங் போட்ட இடங்களில் பெயிண்ட் தங்காது என்பதால் அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட், பிறகு முழுசாக. இரண்டு கோட்டுக்கு நடுவில் ராத்திரி வந்துவிட்டால் காலையில் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பிறகே அடுத்தது, ஏனென்றால் ராத்திரிக் காற்றும் உப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கும். பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து வெயில் சாய்வதற்குள் முடியுங்கள். வாடை ஓய்ந்து கச்சான் ஆரம்பிக்குமுன் உள்ள மாசி, பங்குனி இந்த வேலைக்குத் தோது.

8. எஸ்எஸ்னு சொல்லித்தான் கைப்பிடி போட்டாங்க, இப்ப பழுப்புப் பழுப்பா இருக்கு. காந்தம் வச்சும் பார்த்தேன், ஒட்டல. ஏமாத்திட்டாங்களா?

காந்தச் சோதனையை நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கடலோரத்துக்குத் தாங்குவது 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும், விலையும் அதற்கேற்ப. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள்.

பழுப்பு மேலோட்டமாகத்தான் இருக்கிறதென்றால் எலுமிச்சை உப்புக் கரைசலைத் துணியில் தொட்டுத் துடைத்துக் கழுவினால் போய்விடும். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருவுக்கு விதை போட்டுவிடும். மழை படாத, காற்று மட்டும் படுகிற இடத்தில்தான் பழுப்பு அதிகம், அங்கே வாரம் ஒருமுறை ஈரத்துணி போட்டால் 304-கூடத் தாக்குப்பிடிக்கும்.

9. அப்போ அலுமினியத்துல எஸ்எஸ் போல்ட் போட்டா பிரச்சினையே இல்லல்ல? ஆனா சுத்தி வெள்ளையா பூத்திருக்கே.

அங்கேதான் சிக்கல். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அலுமினியம்தான் கரையும், போல்ட் அப்படியே இருக்கும். கப்பல் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதே விதியை நமக்குச் சாதகமாக்குவதுதான், துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும்.

போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷரும், துளைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழலும் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். மொட்டை மாடி சோலார் பேனல் சட்டம் வைத்திருக்கிறவர்கள் வருஷம் ஒருமுறை இதைப் பாருங்கள். பித்தளை ஸ்க்ரூவை அலுமினியத்தில் போடவே போடாதீர்கள்.

10. ஊருக்குப் போயிட்டு வந்து மோட்டார் போட்டா உறுமுது, சுத்தல. கட்டிப் போச்சா, கருகிப் போச்சா?

உறுமினால் உடனே நிறுத்துங்கள், அப்படியே விட்டால்தான் காயில் கருகும். மெயினை அணைத்துவிட்டு, மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) என்றால் பின்பக்க மூடியைக் கழற்றி ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் உள்ளே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) துருவில் ஒட்டியிருக்கிறது. இரு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். உப்புத் தண்ணீர் கிணற்றில் இது சகஜம், ஊரில் இருக்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது ஒரு நிமிடம் ஓட விடுங்கள்.

கையால் லேசாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் மட்டும் உறுமுகிறது என்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். வயிறு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அதுதான். மெயின் அணைத்திருந்தாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், பழைய குண்டு பல்பின் இரண்டு வயரை அதன் முனைகளில் சிறிது நேரம் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மேலே அச்சடித்த மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட்டும் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். போர் மோட்டாருக்கு கெப்பாசிட்டர் மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் முக்கால்வாசி இதே காரணம்தான்.

11. சுவிட்ச் போர்டுல சிர்ருனு சத்தம், உள்ள வயர் பச்சையா பூத்திருக்கு. நானே சரி பண்ணலாமா தம்பி?

மெயினை அணைத்து, டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்று பார்த்து, அந்தச் சுவிட்சையும் மாற்றிவிடலாம் அக்கா. பச்சை பூத்த செம்பு முனையைச் சுரண்டி மறுபடி முறுக்க வேண்டாம், வெளுப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து இறுக்கமாக மாட்டுங்கள். தளர்ந்த இணைப்பு சூடாகும், அந்தச் சத்தம் அதுதான். மீட்டர், சர்வீஸ் வயர் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம், அது வயர்மேன் வேலை.

வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச்) இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். இல்லாத வீடுகள் முதலில் அதைப் போடுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நம் மண்ணில் சீக்கிரம் அரித்துவிடும், மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். செம்பு பூசிய எர்த் ராடு நெடுநாள் வரும்.

12. ஜிஐ பைப்பை வெல்ட் பண்ணினா ராத்திரி காய்ச்சல் வருது. பால் குடிச்சா சரியாயிரும்கிறாங்க?

துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையால் வருகிற காய்ச்சல் அது. சில மணி நேரம் கழித்துக் குளிரும் உடல்வலியுமாக வரும், வழக்கமாக ஓரிரு நாளில் போய்விடும். பால் அதைத் தடுக்காது. மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெல்ட் பண்ணும் இடத்தில் பூச்சை முன்பே தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று செய்யுங்கள். பூச்சு போன இடத்தில் ஜிங்க் கலந்த பெயிண்ட் இரண்டு கோட் அடிக்காவிட்டால் துரு அங்கேயே தொடங்கும்.

13. தாத்தா காலத்து வைஸ் ஒண்ணு, ஒரே துருக்கட்டி. தூக்கி ஊறப்போடவும் முடியாது, பேரீச்சம்பழத்துக்குப் போடவும் மனசில்ல.

போடாதீர்கள், இதற்கு மின்சார வழி இருக்கிறது. அது மூழ்குகிற பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி வாஷிங் சோடா போட்டுக் கலக்குங்கள். பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை வைஸிலும், பாசிட்டிவை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டித் தண்ணீரில் இறக்குங்கள், இரண்டும் தொடக் கூடாது. வைஸைச் சுற்றி நுரை கிளம்பும், மறுநாள் துரு மெத்தென்று கழன்றுவரும், நல்ல இரும்பு கரையாது.

தகட்டுக்கு எஸ்எஸ் போடாதீர்கள், குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். வருகிற நுரையில் ஹைட்ரஜன் இருப்பதால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். கை விடுமுன் சார்ஜரை அணைக்கணும். எடுத்த பிறகு செய்ய வேண்டியது 5-வது பதிலின் கடைசிப் பகுதி.

14. சன்ஷேடு அடியில சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியுது. நானே பூசிறவா?

சன்ஷேடு ஓரத்தில் சின்ன இடம் என்றால் செய்யலாம். தூண், பீம், கூரையின் அடிப்பாகம் என்றாலோ, கம்பி பாதியாக மெலிந்திருந்தாலோ இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அதில் பேச்சே இல்லை. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து அது தள்ளுவதால்தான் சிமெண்ட் வெடிக்கிறது. கடற்கரை மணலில் பூசிய வீடுகளிலும், கம்பிக்கு மேல் சிமெண்ட் மூடாக்கு குறைவான வீடுகளிலும் இது சீக்கிரம் வரும். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்வது 45 மில்லிமீட்டர் மூடாக்கு, நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அதில் பாதிகூடப் பார்ப்பது அரிது.

கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி (7-வது பதிலில் சொன்ன கசிவுச் சோதனை இங்கேயும் உண்டு), கம்பிக்கு ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அழுத்திப் பூசி, நல்ல தண்ணீரில் ஒரு வாரம் நனைத்துவாருங்கள். இவ்வளவும் செய்த பிறகு பூச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிப்பு வரக்கூடும். பூசிய இடம் காப்பாற்றப்பட்டதும் அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்கிறது, ஏனென்றால் அங்கேயும் கான்கிரீட்டுக்குள் உப்பு இருக்கிறது. அதனால் கொத்த ஆரம்பிக்குமுன் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கிற இடம்வரை சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுங்கள். கொத்தும்போது தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கீழே பிள்ளைகள் யாரும் நிற்கக் கூடாது.